நீ திருப்பித் தந்த வெற்றிலை

மச்சாள்,

இன்று காலையில் பேத்தி கிணற்றடியில் முகம் கழுவினாள். சவுக்காரம் பூசி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாளியைத் தேடிக் கையைத் துழாவினாள். என் கை தானாகவே அவளுடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. தொடவில்லை, விழுந்தால் தாங்குகிற அளவுக்கு மட்டும் நின்றது. அவள் அசையவில்லை. இரண்டு காலையும் ஒட்டி வைத்தபடி நிமிர்ந்து நின்று, தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக் கண்ணைத் திறந்தாள்.

"என்ன அம்மம்மா, ஏன் என்னப் பிடிக்க வாறீங்க?"

"ஒண்டுமில்ல புள்ள. சவுக்கார வாசத்துக்கு வந்தன்."

சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஈரக் காலோடு, மணலில், விழாமல் ஓடினாள். அந்தச் சவுக்கார வாசம் என் மூக்கை விட்டுப் போகவேயில்லை. இன்று நம்முடைய கோயிலில் சடங்கு. படையல் மடை வைத்து, கும்பிட்டு, வீட்டுக்கு வந்து விளக்கேற்றிய கையோடு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எழுதுவதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடம் போகாதவள், சாமான் சுற்றி வந்த கடதாசியிலும் கோயில் பாட்டுப் புத்தகத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்தவள். அரிசி, மண்ணெண்ணெய், கோயில் விளக்குக்குக் கொடுத்த எண்ணெய் எல்லாவற்றுக்கும் நான் கணக்கு எழுதுவேன். "இவ உப்புக் கல்லையும் எண்ணித்தான் கறியில போடுவாள், என்ட அண்ணன் பாவம்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நீ. இருக்கட்டும். எழுதப் பழகியது இன்றைக்கு உதவுகிறது.

நம் இருவருக்கும் ஒரே பந்தலில் கலியாணம். என் தம்பியை நீ கட்டினாய், உன் அண்ணனை நான் கட்டினேன். என் அம்மாவும் உன் அப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதைப்பற்றி அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை. கதிரவெளிப் பக்கத்து வேடர்கள் நாம், நமக்குத் தாய்வழிக் குடிதான் கணக்கு. அம்மாவின் குடி பிள்ளைக்கு. ஒரே குடிக்குள் கட்டினால் பாவம், தெய்வம் மடை ஏற்காது. குடி வேறென்றால் குற்றமில்லை. நீ உன் அம்மாவின் குடி, நான் என் அம்மாவின் குடி. ஆகவே நீயும் நானும் வேறு. அப்படித்தான் பெரியவர்கள் சொன்னார்கள், அப்படித்தான் நாமும் நம்பினோம்.

உன் மூத்தவள் நன்றாக ஓடித் திரிந்த பிள்ளை. பல் விழுந்து முளைக்கிற வயதில் தள்ளாடத் தொடங்கினாள். முகம் கழுவக் கண்ணை மூடினால் சரிந்து விழுவாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நீ ஏசினாய். பிறகு பேச்சுக் குழறியது, கரண்டி வாய்க்குப் போகாமல் கன்னத்துக்குப் போனது. பரிகாரியார் எண்ணெய் காய்ச்சித் தந்தார். கோயில் பூசை செய்கிற கட்டாடியார் நூல் கட்டினார். தெய்வம் ஆடி வந்தவர் உன் குடியில் பழைய குறை இருக்கிறது என்றார். அவள் போன பிறகு சனம் அதையே பிடித்துக்கொண்டது. என்னிடம் வந்து, "அது அவட குடியில உள்ளது, உன்ட புள்ளைகளுக்கு வராது, நீ வேற குடிதானே" என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் அந்த ஆறுதலில் இருந்தேன், மச்சாள்.

என் மகன் யோகனில் அதை முதலில் கண்டது நீதான். எங்கள் கிணற்றடியில் அவன் முகம் கழுவுகிறான், நீ வேலியோரம் நிற்கிறாய். அவன் ஒரு பக்கமாகச் சரிந்து, கிணற்றுக் கட்டைப் பிடித்து நிமிர்ந்தான். அவ்வளவுதான். நான் அதைக் கவனிக்கவுமில்லை. நீ கிட்ட வந்து, "மனே, காலை ஒட்டி வைச்சு, மாமிக்காகக் கண்ணை மூடு பாப்பம்" என்றாய். அவன் மூடினான். சரிந்தான். விழ முதல் உன் கை அவன் முதுகில் இருந்தது.

நீ அழவில்லை. என்னைப் பார்த்து, "மச்சாள், இனி இவன் முகம் கழுவேக்குள்ள பின்னால நில்லு. பிடிச்சு வைச்சிராத, பயந்திருவான். கை மட்டும் இரிக்கட்டும்" என்றாய். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துப் படித்த பாடத்தை என்னிடம் கொடுத்தாய். அந்தக் கைதான் இன்று காலையிலும் போனது.

அவனை நீ தண்ணீருக்குள் கொண்டுபோன நாளில் உன்னோடு சண்டை பிடித்தேன். பறியை வாயில் கவ்விக்கொண்டு, களப்பின் ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற வேலை நம்முடையது. ஓலையால் இழைத்த அந்தப் பறிக்கூடை வாயில் இருக்கிற நேரம் மட்டும்தான் நீ பேசாமல் இருப்பாய். அன்று பறியை இடுப்பில் கட்டிவிட்டு, யோகனைத் தூக்கி இடுப்பளவு தண்ணீரில் இறக்கினாய். நிலத்தில் கம்பு பிடித்தும் தள்ளாடுகிற பிள்ளை தண்ணீரில் நேராக நின்றான். ஒரு கால் வைத்தான். மற்றக் காலும் வைத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"தண்ணி நாலு பக்கமும் பிடிச்சிருக்கு கா. உன்ட ரெண்டு கையால அது ஏலுமா?" என்றாய்.

அதற்குப் பிறகு அவன் தினமும் உன்னோடு களப்புக்கு வந்தான். தண்ணீர் கலங்கினால் இறால் எங்கே ஒதுங்கும் என்று உன்னைவிட நன்றாகச் சொல்வான். குழறிக் குழறித்தான் சொல்வான். உனக்கு மட்டும் எல்லாம் விளங்கும்.

என் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத வருடத்துக்குப் பிறகுதான் நம் பக்கம் சண்டையும் செல்லடியும் கூடின. ஒரு காலையில் ரோட்டுப் பக்கம் போக ஒண்ணாது என்று சனமெல்லாம் களப்புக்கு இறங்கியது. உன் அண்ணன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்து, எங்கள் சின்ன மகள் சாந்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். யோகன் அப்போது வளர்ந்துவிட்டான், அவனைத் தூக்க என்னால் முடியாது. கரையில் நின்று தெய்வமே என்று கையெடுத்தேன்.

"என்னகா தெய்வத்தக் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிற? இவன நான் கொண்டு வாறன். இவன் நடப்பான்" என்றாய்.

நடந்தான். உன் மகன் ரவி முன்னால், நீயும் யோகனும் நடுவில், நான் பின்னால். சேறு எங்கே இறுகியிருக்கும், எங்கே புதையும் என்று உன் பாதம் அறியும். பின்னால் வெடிச்சத்தம் கேட்டபோது யோகன் அழத் தொடங்கினான். நீ உன் பறியை எடுத்து அவன் வாயில் கொடுத்தாய். "கவ்விக்கொள்ளு மனே. இறால் பிடிக்க வந்த மாதிரி நினை." அவன் கவ்விக்கொண்டு நடந்தான். நிலத்தில் படியேற முடியாத என் பிள்ளை ஒரு களப்பையே நடந்து கடந்தான். அக்கரையில் தூக்கி மணலில் இருத்தியபோது, பறியை எட்டிப் பார்த்து, "மாமி, ஒண்டும் அம்பிடல்ல" என்றான். செல் சத்தத்துக்குள் நீ சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

வாழைச்சேனைப் பக்கம் அகதி முகாமாக்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் நம்மை இருத்தினார்கள். அங்கேதான் அந்தப் பெண் டொக்டர் வந்தார். வகுப்பறைத் தரையில் நம்மோடு சமமாக உட்கார்ந்து, யோகனின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார். உன் கையும் என் கையும் ஒரே நேரத்தில் அவன் முதுகுக்குப் போயின. டொக்டர் அதைப் பார்த்தார்.

"சொந்தத்துக்குள்ள கலியாணம் செய்தனீங்களா?" என்று உன் அண்ணனைக் கேட்டார்.

"இல்ல டொக்டர், வேற குடி" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. நானும் ஓம் என்று தலையாட்டினேன். டொக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். வேறென்னவோ நோய்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

நீதான் இடையில் பேசினாய். "டொக்டர், என்ட மூத்த மகளும் இப்பிடித்தான் போனவள்."

"நீங்க இவருக்கு யார்?"

"தங்கச்சி."

"இந்த அம்மாவுக்கு?"

"மச்சாள். இவட தம்பிதான் என்ட புருசன். இவட அம்மாவும் எங்கட அப்பாவும் கூடப் பிறந்த ஆக்கள்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "சொந்தமில்ல எண்டு சொன்னீங்களே?"

"சொந்தம்தான் டொக்டர். ஆனா குடி வேறதானே" என்றார் உன் அண்ணன், விளங்காத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

டொக்டர் கோபப்படவில்லை. பிஸ்கட் பெட்டி மட்டையில் கோடு கீறிக் காட்டினார். என் அம்மாவும் உன் அப்பாவும் மேலே. நாங்கள் கீழே. பிள்ளைகள் அதற்கும் கீழே. இந்த நோய் ஒரு பக்கத்தால் மட்டும் வராது, தாயிடமிருந்து ஒரு பங்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கும் சேர்ந்தால்தான் பிள்ளையைப் பிடிக்கும், ஒரு பங்கு மட்டும் உள்ளவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் சுகமாக இருப்பார் என்றார். ஒரே பாட்டன் பாட்டியின் வழியில் வந்தவர்கள் கட்டினால் அந்த இரண்டு பங்கும் சந்திக்க வழி கூட. மருந்து உண்டா என்று கேட்டேன். நேராக என்னைப் பார்த்து, இல்லை அம்மா என்றார். பொய் ஆறுதல் சொல்லாத அந்த மனிசிக்கு இன்றும் விளக்கு வைக்கிறபோது ஒரு கும்பிடு போடுகிறேன்.

நீ அந்த மட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாய். "பாத்தியா மச்சாள், குடி குடி எண்டு பிரிஞ்சிருந்தம். கடைசியில எல்லாரும் ஒரே சட்டிக்குள்ளதான் கிடக்கிறம்" என்றாய். பிறகு உன் விரல் கீழே இறங்கி, ரவி இருந்த இடத்தில் நின்றது. அங்கிருந்து சாந்தி இருந்த இடத்துக்குப் போனது. நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாந்தி பிறந்த அன்றே ரவிக்கு என்று பேசி வைத்த பிள்ளை. உரிமை. அதை மறுத்தால் ஊரே காறித் துப்பும். சின்ன வயதிலிருந்தே அவள் அவனை மச்சான் என்று கூப்பிட்டு வளர்ந்தவள், பின்னாளில் அவன் தன் முதல் உழைப்பில் அவளுக்குக் காப்பு வாங்கி வந்தவன். அவர்கள் இரண்டு பேரும் சுகமாக இருந்தார்கள். டொக்டர் சொன்னபடி பார்த்தால் இரண்டு பேருக்குள்ளும் அந்தப் பங்கு இருக்கலாம்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து ஊருக்குத் திரும்பினோம். கூரை போட்டோம், கோயிலைத் துப்புரவு செய்தோம். சாந்தியும் வளர்ந்து நின்றாள். உன் அண்ணன் சம்பந்தம் பேச உன் வீட்டுக்கு வெற்றிலைத் தட்டு கொண்டுவர நாள் பார்த்தார். டொக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "முகாம் கதையை முகாமோட விடு. வேற குடி" என்றார். அதற்கு மேல் பேச அவர் இடம் தரவில்லை. நான் தெய்வத்திடம் மட்டும் பேசினேன்.

தட்டு வருவதற்கு முதல்நாள் பின்னேரம் நாம் இரண்டு பேரும் களப்பில் நின்றோம். நீ பறியை வாயிலிருந்து எடுத்தாய்.

"நாளைக்கு நான் வெத்திலையத் திருப்பித் தருவன். நீ அழு. நல்லா அழு. நீ அழாட்டி ஆக்கள் நம்பாதுகள்."

"நானே வேணாமெண்டு சொல்லிர்றன் மச்சாள். பழி எனக்கு வரட்டும்."

"விசரி. பொண்ணு வீடு பின்வாங்கினா, பொட்டைக்கு என்னவோ குறை, மறைக்கிறாங்க எண்டுவானுகள். மறுகா அவள ஆர் எடுப்பான்? ஆம்பிள வீடு மறுத்து, குறை எங்களிட்ட எண்டு சொன்னா, உன்ட மகளுக்கு ஒரு சொல்லும் வராது."

"ரவிக்கு?"

நீ பறியைத் திரும்பவும் கவ்விக்கொண்டு குனிந்துவிட்டாய்.

மறுநாள் உன் முற்றம் நிறையச் சனம். உன் அண்ணன் தட்டை நீட்டினார். நீ வாங்கினாய், நெற்றியில் ஒற்றிக்கொண்டாய், திருப்பி அவர் கையிலேயே வைத்தாய்.

"வெத்தில எடுக்க மாட்டன் அண்ணன்."

அவருக்கு விளங்கவில்லை. "என்ன விளையாட்டுகா இது? என்ட மகள்ள என்ன குறை கண்ட?"

"உன்ட மகள் தங்கம். குறை என்ட வயித்துல. ஒண்டைப் புதைச்சனான். ரவியிலயும் அது இரிக்கும். சொந்தத்துக்குள்ள அவனுக்கு நான் பொண்ணெடுக்க மாட்டன்."

உன் சின்னம்மா ஒருத்தி எழும்பினாள். "வேற குடிப் பொண்ணடி. பைத்தியமா உனக்கு?"

"வேற குடி எண்டுதான் நானும் கட்டினன், சின்னம்மா" என்றாய்.

நான் அழுதேன். நீ சொல்லித் தந்தபடி அழ நினைத்துத்தான் தொடங்கினேன், பிறகு அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ரவி நின்றான், காலடி மணலைப் பார்த்துக்கொண்டு. எங்கள் வீட்டில் சாந்தி காப்பைக் கழற்றிச் சாமித்தட்டில் வைத்தாள். பிறகு ஒருநாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. உன் அண்ணன் தட்டோடு திரும்பி நடந்தவர், உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

நீ என்ன கொடுத்தாய் என்பது எனக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். சாந்தியைக் கட்டியிருந்தால் ரவி எங்கள் வளவுக்கு வந்திருப்பான், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் உன் மகன் இருந்திருப்பான். நீயே வாயால் குறை சொன்ன வீட்டுக்கு ஊரில் ஒருவரும் பெண் தரவில்லை. வெல்லாவெளியில் ஒரு கமக்காரக் குடும்பத்தில், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லித்தான் அவனுக்குப் பெண் எடுத்தாய். அவன் அங்கே போனான். அவனுக்கும் ஆண்டவன் ஆரோக்கியமான பிள்ளைகளைக் கொடுத்தான். உன் வீட்டில் மட்டும் ஒரு விளக்கு, ஒரு பாய். சாந்திக்கு வாழைச்சேனையிலிருந்து ஒரு தச்சன் மாப்பிள்ளை வந்தான். அவளைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. நீ சொன்னபடியே.

யோகன் படுத்த படுக்கையானபோது நீ கேட்காமலே வந்தாய். சோற்றைக் கூழாகப் பிசைந்து, அவன் தலையை உன் தோளில் சாய்த்து, அவன் விழுங்குகிற வரையும் தொண்டையைத் தடவிவிடுவாய். நீ படலையைத் திறந்தால் உன் அண்ணன் எழும்பி வெளியே போவார். அவர் போகிறபோதெல்லாம், "அண்ணனுக்குத் திடீரெண்டு வயல் ஞாபகம் வந்திட்டு" என்று யோகனிடம் சொல்வாய். அவன் உடம்பு குலுங்கச் சிரிப்பான். ஒருநாள் நீ வந்தபோது அவர் எழும்பவில்லை. கூழ்க் கோப்பையை எடுத்து உன்னிடம் நீட்டினார். நீ வாங்கிக்கொண்டாய். யோகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மீசை அடர்ந்த அந்த முகத்தில் நான் கண்ட நிம்மதிக்காக இன்றும் கும்பிடுகிறேன். அவன் போனது உன் மடியில்.

சாந்திக்கு இந்தப் பேத்தி பிறந்தபோது நீ இருந்தாய். அவள் முதன்முதலாகத் தானே முகம் கழுவியபோதும் இருந்தாய். உன் கையும் என் கையும் அவள் முதுகுக்குப் போயின. அவள் ஆடவில்லை. நீ கையை எடுத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "உன்ட பேத்திக்குத் தலைக்கனம் கூட, நிமிர்ந்து நிக்கிறாள்" என்றாய். அடுத்த மாரி தொடங்க முதலே நெஞ்சு நோவென்று படுத்தாய், எழும்பவில்லை.

இன்று மடையில் நடந்ததைச் சொல்கிறேன். இறந்தவர்களுக்கு அந்தந்தக் குடிப் பெண்கள்தான் மடை வைப்பார்கள். உன் மகள் போய், சின்னம்மாவும் போனதோடு உன் குடிக்கு இந்த ஊரில் வைக்க ஆளில்லை. போன வருடம் உன் இடம் வெறுமையாக இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. இந்த முறை எங்கள் மடைக்குப் பக்கத்தில், உனக்குப் பிடித்த இறால் பொரியலோடு ஒரு இலை போட்டேன். கட்டாடியார் கண்டுவிட்டார்.

"இது ஆருக்குப் புள்ள?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அவ வேற குடியல்லவா?"

"இல்ல ஐயா. சொந்தம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த வெற்றிலைத் தட்டு நாளில் அவரும் முற்றத்தில் இருந்தவர். குனிந்து, பக்கத்து இலைகளைத் தள்ளி, உன் இலைக்கு இடம் விட்டார்.

மத்தளம் தொடங்கியது. பேத்தி எனக்கு முன்னால் காலை ஒட்டி நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டாள். என் வலக்கை வழக்கம்போல அவள் முதுகுக்குப் போனது. அவள் அசையவில்லை. கும்பிட எனக்கும் இரண்டு கை வேண்டும். அந்தக் கையை மெல்ல எடுத்து, மற்றக் கையோடு சேர்த்து, உன் இலையைப் பார்த்துக் கும்பிட்டேன், மச்சாள்.